நீக்கிய வரியும் சேர்த்த வரியும்

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்கம்மா. கேக்காததுக்கு வாயத் தொறக்காதிய" என்று ஏட்டு மூன்றாவது தடவையாகச் சொல்லிவிட்டு டீ குடிக்க இறங்கிப் போனார். மனோரஞ்சிதம் தலையை மட்டும் ஆட்டினாள். செஷன்ஸ் கோர்ட்டின் மாடி வராந்தாவில் சாட்சிகள் உட்காரப் போட்டிருந்த பெஞ்சின் நடுப்பலகை உள்வாங்கியிருந்தது. எத்தனையோ பேர் உட்கார்ந்து உட்கார்ந்து பயந்ததில் அப்படிக் குழிந்திருக்கும் என்று தோன்றியது. உடனே, இது என்ன புத்தி, எதைப் பார்த்தாலும் ஒரு வரி செய்துகொண்டு, என்று தன்னையே கடிந்துகொண்டாள். வரி செய்கிற புத்திதானே அவளை இங்கே கொண்டுவந்து உட்காரவைத்திருக்கிறது. மணி பத்தே முக்கால். நீதிபதி உள்ளே ஜாமீன் மனுக்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், அது முடிந்ததும் இந்த வழக்கு, இந்த வழக்கில் இன்றைக்கு அவள் ஒருத்திதான். நாலு சாட்சிகள் போன வாய்தாக்களில் முடிந்துவிட்டார்கள். அவள் ஐந்தாவது. எதிர்ச் சுவரோரம் இன்னொரு பெஞ்சில், கால் நீட்டினால் தொட்டுவிடும் தூரத்தில், உலகம்மாள் உட்கார்ந்திருந்தாள். புருஷனைத் தற்கொலைக்குத் தூண்டினாள் என்று குற்றம் சாட்டப்பட்டவள். நாற்பத்தைந்து வயதிருக்கும். பள்ளிக்கூடச் சீருடை தைக்கிற இடத்தில் வேலை. சேலை முந்தானையில் நீலமும் காக்கியுமாக நூல் துணுக்குகள் ஒட்டியிருந்தன, அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, கீழே போடாமல், உள்ளங்கையில் உருட்டிச் சேர்த்துக்கொண்டிருந்தாள். ஜெயிலுக்குப் போனாலும் போகலாம் என்றிருக்கிற ஒருத்தி கோர்ட்டு வராந்தா குப்பையாகிவிடக் கூடாதென்று பார்க்கிறாளே என்று மனோரஞ்சிதம் நினைத்தாள். தண்ணீர் பாட்டிலை எடுத்தாள். திறக்காமல் மடியில் வைத்துக்கொண்டாள்.

பதினோரு விநாடி. அவ்வளவுதான் அந்தக் குரல். இன்ஸ்பெக்டர் தன் போனில் அதைப் போட்டுக் காட்டியபோது மனோரஞ்சிதம் எண்ணவில்லை, பிறகு வீட்டில் மனசுக்குள் ஓட்டி ஓட்டி எண்ணினாள். "தெனம் தெனம் சாகப்போறேன் சாகப்போறேன்னு சொல்லுதியளே, ஒரு நாளாவது செஞ்சு காட்டுங்களேன். நானும் நிம்மதியா மெஷின்ல உக்காருவேன்." பின்னால் தையல் மெஷின்கள் ஓடுகிற சத்தம், யாரோ ஒரு பெண் சிரிக்கிற சத்தம். புதன்கிழமை காலையில் உலகம்மாள் புருஷனுக்கு அனுப்பியது. வெள்ளிக்கிழமை அவர் செத்துப்போனார். குற்றாலிங்கம் என்று பேர், தனியார் பஸ்களுக்கு டைம் கீப்பராக இருந்தவர், முதுகு வலி வந்து வேலையை விட்டு மூன்று வருஷமாக வீட்டில் படுத்திருந்தவர். அண்ணன்காரர் தம்பியின் போனில் அந்தக் குரலைக் கண்டுபிடித்துப் போலீசில் கொடுத்தார். செஞ்சு காட்டுங்களேன். அந்த ஏகாரத்தில் இருக்கிற சலிப்பு யாருக்குப் புரியாது? மூன்று வருஷமாகக் காலையில் சோறு பொங்கி வைத்து, வெந்நீர் வைத்து, முதுகுக்குத் தைலம் தேய்த்து, ஓடி பஸ் பிடித்தவளின் சலிப்பு. மனோரஞ்சிதமே சொல்லியிருக்கிறாள். அவள் புருஷன் ஈரல் கெட்டுப் படுத்திருந்தபோது, மூன்றாவது தடவையாகப் படுக்கை விரிப்பை மாற்றிய ஒரு மத்தியானத்தில், போய்ச் சேர்ந்தாலாவது உங்களுக்கும் விடிவு, எனக்கும் விடிவு என்று. அந்த மனுஷர் சிரித்தார். அதற்குப் பிறகு இரண்டரை வருஷம் இருந்தார். சொன்ன சொல்லுக்கு ஆட்கள் செத்துவிடுவதென்றால் இந்த ஊரில் எந்த வீட்டிலும் ஆண்பிள்ளை மிஞ்சமாட்டான். ஆனால் அவர் போனில் யாரும் அதைப் பதிந்து வைக்கவில்லை, அவருக்கு அண்ணனும் இல்லை. சட்டம் என்பது சில சமயம் அவ்வளவுதான் போலிருக்கிறது, எது பதிவானது, எது காற்றோடு போனது என்பதுதான். அவள் சொன்னது காற்றோடு போனது. இரண்டு தடவையும். இரண்டு தடவையும் என்று நினைத்ததும் மனசு கால் இடறி நின்றது. முதல் தடவை புருஷனிடம். இரண்டாவது தடவை கவுண்டரில். அங்கே போகாதே, இப்போது வேண்டாம், சாட்சி சொல்லும் வரைக்கும் அங்கே போகாதே.

கவுண்டர் என்றால் பத்திரிகை அலுவலகத்தின் விளம்பரக் கவுண்டர், தரைத் தளத்தில், வாசலுக்கு இடது கைப் பக்கம். முப்பத்தோரு வருஷம் அங்கே உட்கார்ந்து செத்தவர்களுக்கு விளம்பரம் வாங்கினாள். கண்ணீர் அஞ்சலி, முதலாம் ஆண்டு நினைவஞ்சலி, கருமாதி அறிவிப்பு. தமிழ் எம்.ஏ. படித்து, கல்லூரி மலரில் ஏழு கவிதைகள் வந்து, பேராசிரியை ஒருவர் "இவள் எழுதுவாள், பாருங்கள்" என்று வகுப்பில் எல்லார் முன்னாலும் சொன்ன பெண் கடைசியில் எழுதியதெல்லாம் போட்டோவுக்குக் கீழே நாலு வரி. சைவர்களுக்குச் சிவபதம், வைணவர்களுக்கு வைகுண்டம், கிறிஸ்தவர்களுக்குக் கர்த்தருக்குள் நித்திரை, முஸ்லிம்களுக்கு வஃபாத்; அது பழகிவிட்டால் கை தானாக எழுதும். ஆனால் பாட்டு வரிகள் அப்படி இல்லை. "மேடம், நல்லதா நாலு வரி போட்டுக் குடுங்க, எங்கம்மாவைப் படிச்சவங்க அழணும்" என்று வருவார்கள். அழவைத்தாள். பேர் இல்லாமல், பக்கத்தின் பத்தில் ஒரு பங்கு இடத்தில், ஆயிரக்கணக்கான வீடுகளில் காலைக் காப்பியோடு அவளைப் படித்தார்கள். அதில் ஒரு கர்வம் இருந்தது அவளுக்கு. அதை யாரிடமும் சொன்னதில்லை, மகளிடம்கூட. வேலையில் சில விதிகளும் இருந்தன. சாவுக்குக் காரணம் எழுதக்கூடாது. யார் மேலும் பழியோ, பழி இல்லை என்றோ எழுதக்கூடாது. சொத்துத் தகராறு வாடை அடிக்கக்கூடாது. அப்படி ஏதாவது வந்தால் பேனா தானாகப் போய் அடித்துவிடும், கண் படித்து முடிப்பதற்கு முன்னாலேயே. சாப்பாட்டில் கல்லை நாக்கு ஒதுக்குவதைப் போல. திருத்தியதைத் தன் கையாலேயே நல்ல பிரதி எழுதி வந்தவரிடம் கொடுப்பாள், அவர் கொண்டுவந்த முதல் காகிதத்தை மேஜைமேல் இருக்கிற இரும்பு முள்ளில் குத்திவைப்பாள். மாசக் கடைசியில் எல்லாம் கழிவுக் காகிதத்தோடு போய்விடும்.

டவாலி வெளியே வந்து யாரோ ஒருவர் பேரை மூன்று தரம் கூவினார். அவள் பேர் இல்லை. ஆனாலும் பாதி எழுந்து மறுபடி உட்கார்ந்தாள். எதிர்ப் பெஞ்சில் உலகம்மாளின் வக்கீல் வந்து உட்கார்ந்திருந்தாள், சின்னப் பெண், கருப்பு கவுனின் தோள் நழுவிக்கொண்டே இருந்தது. "பயப்படாதீங்கக்கா, கோவத்துல சொன்ன வார்த்தையெல்லாம் தூண்டுதல் ஆயிராது. சாகணும்னே நெனச்சுச் சொல்லியிருக்கணும்" என்று தாழ்ந்த குரலில் சொன்னாள். உலகம்மாள் நூலை உருட்டிக்கொண்டே, "நான் அன்னைக்கி அப்படி நெனச்சேனா இல்லையான்னு எனக்கே தெரியலையே வக்கீலம்மா" என்றாள். "ஐயோ, இதை உள்ள போய்ச் சொல்லிராதீங்க." "சொல்லமாட்டேன். உங்ககிட்டச் சொல்லுதேன்." பிறகு அவள் தலையை நிமிர்த்தி, மனோரஞ்சிதம் இருந்த பக்கம் பார்த்து, வக்கீலிடம், "அந்தச் சாட்சி அக்காவுக்கு ஃபேன் காத்தே வரல்ல பாருங்க, வேர்த்து ஊத்துது. இங்கிட்டு வரச்சொல்லுங்க" என்றாள். வக்கீல் அவள் கையை அழுத்தி வேண்டாம் என்றாள். அரசு தரப்புச் சாட்சி, எதிரிப் பக்கம் உட்காரக்கூடாது. மனோரஞ்சிதம் கேட்காததுபோல ஜன்னலைப் பார்த்தாள். வேப்பமரத்தில் ஒரு காகம் எதையோ காலால் பிடித்துக் கொத்திக்கொண்டிருந்தது. எனக்கே தெரியலையே. அவளும் அதையேதான் சொல்லவேண்டியிருக்கும், கேட்டால். கேட்கமாட்டார்கள்.

அன்று வியாழக்கிழமை. சாப்பிட்டுவிட்டு டப்பாவைக் கழுவிக் கவிழ்த்திருந்தாள். அவர் வந்து கவுண்டர் முன்னால் நின்றார், உட்காரச் சொன்ன பிறகுதான் உட்கார்ந்தார், முதுகை வளைக்காமல், ஒரு கையால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக. நீலக் கட்டம் போட்ட சட்டை. "என்ன சார், அஞ்சலியா?" என்று கேட்டாள். "ஆமா மேடம். ஆனா ஆளு இன்னும் இருக்காரு." அதில் புதுமை எதுவும் இல்லை. டாக்டர்கள் கையை விரித்த வீடுகளிலிருந்து முன்கூட்டியே வருவார்கள், கடைசி நேரத்தில் ஓடமுடியாதென்று. "ஆஸ்பத்திரியா?" "அண்ணன். ஐசியூல." காகிதத்தை நீட்டினார். "பேரு போடலையே சார்?" "அதை அன்னைக்கி எழுதிக்கிடலாம். இருக்கவரு பேரை இதுல எழுதக் கை வரமாட்டேங்கு." அதுவும் நியாயமாகத்தான் இருந்தது. அவர் சுவரைப் பார்த்தார், தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "உங்க கடியாரம் ரெண்டு நிமிசம் முந்தி ஓடுது மேடம்" என்றார், பிறகு வெட்கப்பட்டவர்போல, "டைம் கீப்பரா இருந்தேன். அந்தப் புத்தி" என்றார். அவள் சிரித்தாள். அவரும் சிரித்தார். சாகப்போகிறவர் கடிகாரத்தில் இரண்டு நிமிஷத்தைப் பற்றிக் கவலைப்படுவாரா? படுவார் என்று இப்போது தெரிகிறது. கையெழுத்து சின்னதாக, சீராக, பஸ் நேர அட்டவணை எழுதுகிற கை. அன்பும் பண்பும், மீளாத் துயரம், உற்றார் உறவினர், எல்லாரும் எழுதுவதுதான். அதற்குக் கீழே தனியாக ஒரு வரி: அன்னாரது மறைவுக்கு எவரும் காரணமல்ல.

பேனா போய் அடித்துவிட்டது. அதுதான் நடந்தது. கண் பார்த்தது, கை அடித்தது, புத்தி பின்னால் வந்தது. அடித்த பிறகுதான் கேட்டாள், "ஆஸ்பத்திரியில இருக்கவருக்கு இந்த வரி எதுக்கு சார்? இதப் போட்டா படிக்கிறவனுக்கெல்லாம் சந்தேகம் வந்துரும்." அவர் உடனே பதில் சொல்லவில்லை. எவ்வளவு நேரம்? இரண்டு வருஷமாக அவள் அந்த நேரத்தை அளந்துகொண்டிருக்கிறாள். ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரம். "டாக்டருங்க மேல சொந்தக்காரங்க பழி போட்டிரக்கூடாதுல்லா. அதுக்குத்தான்" என்றார். அந்த ஒரு மூச்சில் அவளுக்குத் தெரிந்ததா? தெரிந்தது என்று சில நாள் தோன்றும். வயிற்றில் ஏதோ குளிர்ந்தாற்போல இருந்ததே, அது தெரிந்ததில்லாமல் வேறு என்ன? இல்லை, அந்தக் குளிர்ச்சி பிற்பாடு சேர்ந்துகொண்டது, சனிக்கிழமைக்குப் பிறகு அவளே அந்த வியாழக்கிழமைக்குள் கொண்டுபோய் வைத்தது என்று சில நாள் தோன்றும். எதுவானாலும் அவள் அந்தப் பதிலை ஏற்றுக்கொண்டாள். டாக்டர்கள் மேல் பழி. சரி. நல்ல மனுஷர். அவள் ஏற்றுக்கொண்டதற்குக் காரணம் அவர் சொன்னது நம்பும்படி இருந்ததால் இல்லை, அவளுக்கு வேலையைத் தொடரவேண்டியிருந்ததால். "எங்க ஆபீஸ் விதி சார், இது போடமுடியாது." "எடுக்கணும்னா எடுத்திருங்க மேடம். ஆனா அந்த எடம் வெறுமையா இருக்குமே?" வெறுமையா இருக்குமே. அந்தச் சொல்லைக் கேட்டதும் அவளுக்குள் பழைய ஆள் எழுந்து உட்கார்ந்தாள், கல்லூரி மலரில் ஏழு கவிதை எழுதியவள். "நான் ரெண்டு வரி தாரேன் சார். கொஞ்சம் இருங்க."

அந்த இரண்டு வரி. இந்த இடத்துக்கு வந்தால் மனசு வழக்கம்போல வேறு பக்கம் திரும்பும். ஃபேன், ஜன்னல், காகம். காகம் போய்விட்டிருந்தது. வழக்கமாக யோசித்து, அடித்து, மாற்றி எழுதுவாள். அன்றைக்கு வரிகள் முழுசாக வந்தன, எங்கோ தயாராக இருந்து காத்திருந்ததுபோல. சாவு அதில் பயமாக இல்லை. வெயிலில் நடந்து வந்தவனுக்கு நிழல் மாதிரி இருந்தது, முதுகு வலிக்கிறவனுக்குப் படுக்கை மாதிரி. முப்பத்தோரு வருஷத்தில் அவள் எழுதியதில் அதுதான் நல்ல வரி. அதைச் சொல்லிக்கொள்ள இன்றைக்கும் அவள் மனசு கூசவில்லை, அதுதான் கொடுமை. நல்ல பிரதி எழுதிக் கொடுத்தாள். அவர் உதடு அசையப் படித்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார். காகிதத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "இதப் படிச்சா, போயிரலாம்னு தோணுது மேடம்" என்றார். அதற்கு அவள் என்ன சொன்னாள்? ஏன் சார் அப்படிச் சொல்றீங்க, என்று கேட்டிருக்கலாம். உங்க அண்ணன் எந்த ஆஸ்பத்திரியில இருக்காரு என்று கேட்டிருக்கலாம். அடித்த வரியும் அந்தச் சொல்லும் அடுத்தடுத்து கிடந்தன, இரண்டையும் சேர்த்துப் படிக்கத் தமிழ் எம்.ஏ. வேண்டாம். அவள் சொன்னது, "அவ்வளவு நல்லா இருக்கா?" அவ்வளவு நல்லா இருக்கா! முகமெல்லாம் மலர்ந்திருக்கும். கல்லூரி வகுப்பில் அன்றைக்கு எழுந்து நின்றபோது மலர்ந்த மாதிரி. "ரொம்ப நல்லா இருக்கு" என்றார் அவர். அதோடு விட்டாளா? "ஞாயித்துக்கெழமைதான் சார் நெறையப் பேரு படிப்பாங்க. ஞாயிறு வரணும்னா சனிக்கெழம மூணு மணிக்குள்ள குடுத்திரணும்" என்றாள். எல்லாரிடமும் சொல்வதுதான், கவுண்டரில் பலகையிலேயே எழுதியிருக்கிறது. அவர் காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மெதுவாக எழுந்தார். "குடுத்திரலாம் மேடம். நான் நேரம் தவறுனதில்ல" என்றார்.

தவறவில்லை. சனிக்கிழமை மூணுக்குப் பதினைந்து நிமிஷம் இருக்கும்போது ஒருவர் வந்து அவள் எழுதிய காகிதத்தையே அவளிடம் நீட்டினார். "தம்பி சட்டைப்பையில இருந்துச்சு. இதையே போட்டிருங்க" என்றார். கூடவே ஒரு போட்டோ. நீலக் கட்டம் போட்ட அதே சட்டை. அவள், அறிவில்லாமல், "உங்களுக்கு ஐசியூல..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள். ஐசியூவில் இருக்கவேண்டிய அண்ணன் எதிரே நின்றார், நல்ல உயரம், வெற்றிலை போட்ட வாய், அழுது வீங்கிய கண். கை நடுங்காமல் பேரை எழுதினாள், தேதியை எழுதினாள். பெயர்ப் பட்டியலில் மனைவி என்று எழுதப்போனபோது, "அவ பேரு வரக்கூடாது. அவதான் கொன்னா. அவ ஸ்டேஷன்ல இருக்கா" என்றார். அவர் போன பிறகு முள்ளில் இருந்து ஒன்பது காகிதங்களை உருவி, பத்தாவதாக அந்தச் சின்ன எழுத்துக் காகிதத்தை எடுத்து, கக்கூசில் நின்று கிழித்துத் தண்ணீரை ஊற்றினாள். இரண்டு வாளி. ஞாயிறு விளம்பரம் வந்தது. திங்கள் கிழமை எட்டுப் பேர் போன் செய்தார்கள், குற்றாலிங்கத்துக்குப் போட்ட வரி எங்கப்பாவுக்கும் வேணும் மேடம் என்று. அது தீர்ந்துபோச்சு என்றாள், ஏதோ கடைச் சரக்கைப் போல. அதற்குப் பிறகு யாருக்கும் வரி எழுதவில்லை. நாலு மாசத்தில் வேலையை விட்டாள். போலீஸ் வந்து ஆபீஸில் இருந்த அந்தக் காகிதத்தில் அவள் கையெழுத்தைக் காட்டிக் கேட்டபோது, வந்தார், அண்ணனுக்கு என்றார், எழுதிக் கொடுத்தேன் என்றாள். அவர்களுக்கு அதுவே போதுமானதாக இருந்தது: புதன்கிழமை மனைவி சொன்னாள், வியாழக்கிழமை அஞ்சலி எழுத வந்தார். சங்கிலியில் அவள் ஒரு கண்ணி.

நூலகத்தில் போய்ச் சட்டப் புத்தகத்தைப் பார்த்தாள். தூண்டுவது, கூடிச் சதி செய்வது, உதவுவது. மூன்றையும் மூன்று நாள் வைத்துக்கொண்டு திரிந்தாள், செருப்புக் கடையில் எந்தச் செருப்பு காலுக்குச் சேரும் என்று போட்டுப் பார்ப்பதைப் போல. சதி இல்லை. தூண்டுதல்? போயிரலாம்னு தோணுது என்றவரிடம் அவ்வளவு நல்லா இருக்கா என்று கேட்பது? உதவி? நாள் குறித்துக் கொடுத்தாளே, நேரம்கூடக் குறித்துக் கொடுத்தாளே. தெரிந்து செய்திருக்கவேண்டும் என்கிறது சட்டம். தெரியும் என்பதற்கும் தெரியாது என்பதற்கும் நடுவில் மனுஷர் குடியிருக்கிற ஒரு பெரிய ஊரே இருக்கிறது, சட்டம் எழுதியவர்கள் அந்த வழியாக வரவில்லையா? நேற்றுச் சாயங்காலம் போனில் மகள் பொற்கொடி, "அம்மா, அந்தப் பேப்பர் இப்ப இல்லல்லா? பேப்பர் இல்லன்னா அந்த வரியும் இல்ல. ஆதாரத்தக் கிழிச்சேன்னு நீயே போய்ச் சொன்னா உன்னைத்தான் பிடிப்பாங்க. பேசாம சொன்னதச் சொல்லிட்டு வா" என்றாள். அன்பில்தான் சொன்னாள். அந்த வரி இல்லை. ஆனால் அந்த வரி மட்டும் இருந்திருந்தால் உலகம்மாள் ஸ்டேஷனில் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை, இரண்டு வருஷம் இந்த வராந்தாவில் நூல் பொறுக்கவேண்டியதில்லை. அவர் மனைவியைத்தான் நினைத்து எழுதியிருக்கிறார். டாக்டரையா நினைத்தார்? பத்திரிகையில் ஊரே பார்க்க, அச்சில் வரவேண்டும் என்று நினைத்தார். அதை அடித்துவிட்டு அந்த இடத்தில் தன் கவிதையை வைத்தாள்.

"மனோரஞ்சிதம்! மனோரஞ்சிதம்! மனோரஞ்சிதம்!" கால்கள் எழுந்தன. கூண்டு அவள் நினைத்ததைவிடச் சின்னது. உண்மையைச் சொல்வேன், உண்மையைத் தவிர வேறொன்றும் சொல்லமாட்டேன் என்று சொன்னாள். சொல்லும்போதே, முழு உண்மையையும் என்று ஒன்று நடுவில் விட்டுப்போகிறதே என்று தோன்றியது. அரசு வக்கீல் அவள் எழுதிய காகிதத்தைக் காட்டினார், நாலாக மடித்த தடத்தோடு. உங்கள் கையெழுத்தா? ஆமா. எந்தக் கிழமை? வியாழன். யாருக்கு என்று சொன்னார்? அண்ணனுக்கு. பார்க்க எப்படி இருந்தார்? அமைதியா இருந்தாரு. நீதிபதி ஒவ்வொன்றாகச் சொல்ல, டைப்பிஸ்ட் தட்டிக்கொண்டே வந்தாள். பிறகு அந்தச் சின்ன வக்கீல் எழுந்தாள், கவுனை இழுத்துவிட்டுக்கொண்டு. "மனைவியைப் பத்தி ஏதாவது தப்பாச் சொன்னாரா?" "இல்லைங்க." "வேற கேள்வி இல்லைங்கய்யா." "சரிம்மா, நீங்க போகலாம்" என்றார் நீதிபதி. அவ்வளவுதான். எட்டு நிமிஷம்கூட இருக்காது. யாரும் கேட்கவில்லை. கீழே ஒரே ஒரு படி. அப்போது எதிரே நின்ற உலகம்மாள் யாருக்கும் தெரியாதபடி, இடுப்புக்குக் கீழே, இரண்டு கையையும் சேர்த்து அவளைக் கும்பிட்டாள். தப்பாச் சொல்லவில்லை என்று சொன்னதற்கு. அந்த ஒரு துண்டு நல்ல வார்த்தைக்கு. மனோரஞ்சிதத்தால் அதை வாங்கிக்கொண்டு இறங்க முடியவில்லை. "ஐயா, இன்னும் ஒண்ணு இருக்கு" என்றாள்.

ஏட்டு வாசலில் நின்று தலையில் கை வைத்துக்கொண்டார். "கேக்காததச் சொல்லவேண்டியதில்ல" என்று அரசு வக்கீல் எழுந்தார். நீதிபதி கையைக் காட்டி அவரை உட்காரவைத்துவிட்டு, "சொல்லுங்க" என்றார். சொன்னாள். அவர் கொண்டுவந்த காகிதத்தில் ஒரு வரி இருந்தது, அதை நான் அடித்தேன். வரியைச் சொன்னாள், ஒரு சொல் மாறாமல். நீதிபதி அவளை நிமிர்ந்து பார்த்தார். "அந்தக் காகிதம் எங்கம்மா?" "கிழிச்சிட்டேன் ஐயா." "எதுக்கு?" "என் பேரு வந்திரும்னு பயந்துட்டேன்." இதனால உங்களுக்கே சிக்கல் வரலாம், தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றாள். அரசு வக்கீல் அவளைப் பிறழ் சாட்சியாக எடுத்துக்கொள்ள அனுமதி கேட்டுவிட்டு நெருங்கி வந்தார். "போலீஸ்ல சொன்னீங்களா?" "சொல்லல்ல." "எதிரி மேல பாவம் பார்த்து இப்ப ஜோடிச்சுச் சொல்றீங்க." "இல்லைங்க." "அப்படி ஒரு காகிதம் இருந்துச்சுங்கறதுக்கு என்ன ஆதாரம் இருக்கு உங்ககிட்ட?" மனோரஞ்சிதம் யோசித்தாள். "நான் அதக் கிழிச்சேன் பாருங்க, அதுதான்" என்றாள். அவர் உட்கார்ந்துவிட்டார். வேறு ஏதாவது சொல்லவேண்டுமா என்று நீதிபதி கேட்டார். இருந்தது. ஆனால் அதற்குச் சட்டத்தில் செருப்பு இல்லை, டைப்பிஸ்டின் விரல்களுக்கும் அது அடங்காது. இல்லைங்க என்றாள். பக்கம் பக்கமாகக் கையெழுத்துப் போட்டாள். கை நடுங்கியது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்தச் சனிக்கிழமை நடுங்கியிருக்கவேண்டிய கை.

வராந்தாவில் ஏட்டு, "என்னம்மா இப்படிக் கவுத்துட்டிய" என்று முணுமுணுத்துவிட்டுப் போனார். வழக்கு என்ன ஆகும் என்று அந்தச் சின்ன வக்கீலுக்கே இன்னும் தெரியாது, அடுத்த வாய்தாவுக்குத் தேதி வாங்க உள்ளே நின்றாள். மனோரஞ்சிதம் அதே பெஞ்சில், அதே குழியில் உட்கார்ந்தாள். உலகம்மாள் வந்து முன்னால் நின்றாள். உட்காரவில்லை. "அக்கா, நெசமாவே எழுதியிருந்தாகளா? இல்ல எனக்காகச் சொன்னியளா?" "எழுதியிருந்தார்ம்மா." "அவுக கையால?" "அவர் கையாலதான். சின்னச் சின்ன எழுத்து." உலகம்மாளின் கன்னம் துடித்தது. "கொசு மாதிரி எழுதுவாக" என்றாள். பிறகு மெல்ல உட்கார்ந்தாள், பெஞ்சின் ஓரத்தில். "வேற என்ன சொன்னாக?" என்று கேட்டாள். இதுதான் கேட்காமல் விட்டுப்போன கேள்வி. மனோரஞ்சிதம் சொல்ல ஆரம்பித்தாள், கடிகாரத்தில் இரண்டு நிமிஷத்திலிருந்து. உலகம்மாள் அதற்குச் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வரி எழுதிக் கொடுத்ததைச் சொன்னாள். போயிரலாம்னு தோணுது என்று அவர் சொன்னதைச் சொன்னாள். தான் கேட்டதைச் சொன்னாள், முகம் மலர்ந்ததைக்கூட. சனிக்கிழமை மூணு மணியைச் சொன்னாள். சொல்லி முடித்து, அடி விழட்டும் என்பதுபோலத் தலையைக் குனிந்துகொண்டாள். அடி விழவில்லை. உலகம்மாள் தன் உள்ளங்கையைப் பார்த்தபடி, "நான் பதினோரு வார்த்தை சொன்னேனோ பன்னெண்டு வார்த்தை சொன்னேனோ. நீங்க ரெண்டு வரி" என்றாள். பழியா, சமாதானமா என்று தெரியாத குரல். பிறகு, "அந்தப் பேப்பர நான் பாக்கல்ல. அன்னைக்கி ஸ்டேஷன்ல இருந்தேன். கேஸ் கட்டுல இருக்கு, படிச்சுக் காட்டட்டான்னு வக்கீலம்மா கேட்டாக, வேண்டாம்னுட்டேன். இப்பக் கேக்கணும்போல இருக்குக்கா. அவுக கடைசியாப் படிச்சது அதுதானே. நீங்களே ஒருதரம் சொல்லுங்க" என்றாள். மனோரஞ்சிதம் நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். தூக்கமில்லாத கண்கள், ஒடுங்கிய கன்னம், இரண்டு வருஷத்துக் களைப்பு. வரிகள் நாக்கு நுனிக்கு வந்துவிட்டன, முழுசாக, அன்றைக்கு வந்ததைப் போலவே.

"வேண்டாம்மா" என்றாள்.

"ஏங்க்கா?"

"ரொம்ப நல்லா இருக்கும்மா அது. அதனாலதான் வேண்டாம்."